இது எப்ப முடியிற, மகன்?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. உம்மா அரிசியும் பருப்பும் எத்தனை நாளைக்குப் போதும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா கேற்றருகே நின்று வெறிச்சோடிய வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானாவுக்கோ வேறொரு கவலை. அவர் மாதக் கணக்கில் காத்திருந்த ‘டூம் ஈட்டர்னல்’ என்ற வீடியோ கேம் உலகமெங்கும் வெளியானது அதே நாளில்தான்.

பாடசாலைகள் மார்ச் 13 முதலே மூடப்பட்டுவிட்டன. நான் ஏழாம் வகுப்பு. நானா சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தார். கணினி ஹோலில் இருந்தது. அதனால் அவர் என்ன விளையாடினாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாப்பா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இது எப்ப முடியிற, மகன்?”

நானா ஒரு நாளும் சரியாகப் பதில் சொன்னதில்லை. “இப்ப முடியும் வாப்பா” என்பார். அது முடியாது.

நானாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாதம் முடிந்ததும் சுவர்க் கலண்டரின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அந்த மாதம் வெளிவந்த கேம்களில் சிறந்தவை எவை என்று வரிசைப்படுத்தி எழுதுவார். பெரிய ஆங்கில விமர்சகர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியது. அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் தொட்டதுகூட இல்லை என்பது வேறு விடயம். 2020 மார்ச் மாதத் தாளை அவர் எழுதியபோது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. இந்தக் கட்டுரை அந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சி. ஐந்து வருடம் கழித்து எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கேம் பற்றிய கட்டுரைக்கு இலக்கிய இதழில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்து, கடைசி வரை வாசிக்கவும்.

அந்த மாதத்தை யாரும் குறை சொல்ல முடியாது. மார்ச் 11இல் ‘ஓரி அண்ட் த வில் ஒப் த விஸ்ப்ஸ்’, 20இல் டூம் ஈட்டர்னலும் ‘அனிமல் குரொஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்’ என்ற ஜப்பானியக் கேமும், 23இல் ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’. விமர்சகர்கள் இவை நான்குக்கும் நூற்றுக்குத் தொண்ணூறை அண்டிய புள்ளிகளைக் கொடுத்தார்கள். மாதத்தின் கடைசி நாளில் ‘பெர்ஸோனா 5 ரோயல்’ வந்தது. ஆனால் அது ஜப்பானில் முந்தைய வருடமே வந்துவிட்டது. அதுவும் 2016இல் வந்த கேமை விரித்து எழுதிய பதிப்பு. பழைய புடவைக்குப் புதுக் கரை வைத்தால் அது புதுப் புடவையா என்று நான் கேட்க, நானா அதைத் தாளில் எழுதி, பிறகு வெட்டிவிட்டார். அந்த ஒரு விடயத்தில் வெற்றி எனக்கு.

முதலிடத்தை நானா டூமுக்குக் கொடுத்தார். அவருடைய நியாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. நரகத்திலிருந்து கிளம்பி வரும் அரக்கர்களை ஒருவன் தனியாக நின்று அழிக்கிறான் என்பதுதான் கதை. ஆனால் அதைக் கட்டிய விதத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. வீரனுக்குக் குண்டு தீர்ந்துவிட்டால் மரமரியும் இயந்திர வாளால் ஓர் அரக்கனை வெட்ட வேண்டும், குண்டு கிடைக்கும். கவசம் வேண்டுமானால் நெருப்பு வீச வேண்டும். உயிர்ப்பலம் குறைந்தால் அரக்கனை நெருங்கிச் சென்று கையாலேயே முடிக்க வேண்டும். அதாவது பயந்து மூலையில் ஒளிந்தால் சாவு. பயத்தை நோக்கி ஓடினால் உயிர். இதை விளக்கும்போது நானாவின் கண்கள் பளபளக்கும். கேம் செய்யும் தொழிலை ஒரு கைவினை என்று எடுத்துக்கொண்டால், அந்த மாதத்தின் திறமான வேலை இதுவாகக்கூட இருக்கலாம்.

ஆனால் அந்தப் பெட்டியின் மேல் ஐரோப்பாவில் 18 என்றும் அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்றும் அச்சிட்டிருந்தார்கள். நானாவுக்கு அப்போது 16. அந்தச் சின்ன எழுத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீடுகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. கேம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கும் பெற்றோர் எல்லாவற்றையும் சேர்த்தே ஏசுவார்கள். களைத்துப்போனால் எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதும் பதினெட்டு வயதுக்காரனுக்கு ஏற்றதும் ஒரே திரையில் ஒரே ஏச்சோடு ஓடிக்கொண்டிருக்கும். கடையில் பால்மா வாங்கும்போது காலாவதித் திகதியைத் திருப்பிப் பார்க்கும் உம்மாமார், இந்த எண்ணையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் என்ன?

பன்னிரண்டு வயதில் என்னுடைய தெரிவு அனிமல் குரொஸிங். அன்று நான் அதை விளையாடவில்லை. மற்றவர்கள் விளையாடுவதை ஃபோனில் பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு ஒரு விடுமுறையில் சாச்சாவின் மகளிடம் இருந்த நிண்டெண்டோ சுவிட்சில் இரண்டு வாரம் விளையாடக் கிடைத்தது.

அந்தக் கேமின் பிறப்பே எனக்குப் பிடித்தது. கட்சூயா எகுச்சி என்பவர் ஜப்பானின் சிபாவிலிருந்து நிண்டெண்டோவில் வேலை செய்வதற்காகக் கியோத்தோவுக்குப் போனார். குடும்பமும் நண்பர்களும் பக்கத்தில் இல்லாத வெறுமையிலிருந்துதான் இந்தத் தொடரின் எண்ணம் அவருக்கு வந்தது. முதற் கேம் 2001இல் வெளியானது. 2020இல் வந்த பாகத்தை இயக்கியவர் ஆயா கியோகோகு என்ற பெண். உலகமே கதவைச் சாத்திக்கொண்ட வாரத்தில் இந்தக் கேம் வந்தபோது, மார்ச் முடிவதற்குள், பன்னிரண்டே நாளில், ஒரு கோடிப் பதினேழு இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. திருமணம் தள்ளிப்போனவர்கள் அந்தத் தீவில் கூடி விழா வைத்தார்கள். ஊரை விட்டுத் தூரப் போன ஒருவரின் தனிமையிலிருந்து பிறந்தது, வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களின் தனிமைக்கு உதவியது.

விளையாட்டு மிக எளிது. ஆளில்லாத தீவுக்குப் போகிறீர்கள். மீன் பிடிக்கிறீர்கள், பூச்செடி நடுகிறீர்கள், விலங்குகள் அயலவர்களாகக் குடிவருகின்றன. டொம் நூக் என்ற வியாபாரி வீடு கட்டக் கடன் தருகிறார். தவணை கிடையாது, வட்டியும் கிடையாது! இதைக் கேட்டதும் வாப்பா, “அந்த மனிசன்ட விலாசத்த எடுங்க” என்றார். ஆனால் அதே தீவின் வங்கியில் காசைப் போட்டால் மாதம் பிறந்ததும் வட்டி விழும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. (ஏப்ரலிலேயே அந்த வட்டியைக் கொம்பனி பெரிதாகக் குறைத்துவிட்டது என்பதையும்தான்.)

தீவின் மணிக்கூடு நம்முடைய மணிக்கூட்டோடு சேர்ந்தே ஓடும். இங்கே இரவென்றால் அங்கேயும் இரவு, கடை பூட்டியிருக்கும். அன்றைய வேலை முடிந்தால் நாளைக்குத்தான் வர வேண்டும். இதை நான் அன்று பெரிய நற்குணமாக நினைத்தேன். தானாகவே “போய்ப் படு” என்று சொல்லும் கேம் எங்கே கிடைக்கும்? இரண்டு வாரம் விளையாடிய பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. போய்ப் படு என்று சொல்லும் அதே கேம், காலையில் வா என்றும் சொல்கிறது. ஞாயிறு காலையில் டேர்னிப் கிழங்கு வாங்க வேண்டும். அழுகுவதற்குள் வாரத்துக்குள் நல்ல விலைக்கு விற்க வேண்டும். வராவிட்டால் தீவில் களை முளைக்கும். சாச்சாவின் மகள் ஸுபஹ் தொழுதுவிட்டு முதலில் பார்ப்பது டேர்னிப் விலையைத்தான். “இது எப்ப முடியிற?” என்று வாப்பா கேட்டிருந்தால் இதற்கு உண்மையான பதில், “முடியாது வாப்பா” என்பதுதான். நடுவில் ஒரு நாள் பெயர்ப்பட்டியல் ஓடும். அதற்குப் பிறகும் தீவு அப்படியே தொடரும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு கருவிக்கு ஒரு தீவுதான். முதலில் திறந்தவர்தான் தீவின் தலைவர். பிறகு வருபவர்கள் குடியிருக்கலாம். பாலம் எங்கே, கடை எங்கே என்று தீர்மானிக்க முடியாது. பிள்ளைக்கொரு கருவி வாங்கிக் கொடுக்கும் வீட்டில் இது ஒரு பிரச்சினையே அல்ல. நாலு பிள்ளைக்கு ஒரு கருவி என்றிருக்கும் வீட்டில் மூத்தவரின் ஆட்சிதான். விமர்சகர்களும் இதைச் சொன்னார்கள், ஒரு பந்தியில். நாங்கள் எழுதியிருந்தால் அதைத் தலைப்பாகவே போட்டிருப்போம்.

ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிடிபட்ட தகப்பனை மீட்கத் தனியாகப் புறப்படும் மகளின் கதை என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் அதைத் தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவி இல்லாமல் விளையாடவே முடியாது. கேமைச் செய்த வால்வ் கொம்பனியின் முழுக் கருவித்தொகுதி அப்போது 999 டொலர். நானா அதற்கு இரண்டாமிடம் கொடுத்திருந்தார். தொடாத மாம்பழத்துக்கு எப்படிப் புள்ளி போடுவீர்கள் என்று கேட்டேன். “எல்லாரும் நல்லம் எண்டு சொல்றாங்க” என்றார்.

மாதப் பட்டியல்கள் மீது எனக்குள்ள முதல் சந்தேகம் இங்கிருந்துதான் ஆரம்பித்தது. புதிய பெரிய கேம் ஒன்றின் விலை அப்போது 60 டொலர். அன்றைய பெறுமதியில் பதினோராயிரம் ரூபாவைத் தாண்டும். மாதத்துக்கு ஐந்து சிறந்த கேம் என்று ஒருவர் எழுதும்போது, மாதத்துக்கு ஐந்து வாங்கக் கூடியவர்களை நினைத்து எழுதுகிறார். நமக்கு வருடத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. அப்படியிருக்க அந்த ஒன்றை வெளிவந்த வாரத்துப் பரபரப்பில் தெரிவு செய்ய நமக்கு என்ன அவசரம்? விமர்சகர்கள் பெரும்பாலும் கேம் வெளிவருமுன்பே பிரதியைப் பெற்று, குறித்த நாளுக்குள் முடித்து எழுத வேண்டியவர்கள். ஓரி கேம் வெளிவந்த புதிதில் அங்கங்கே உறைந்து நின்றது, பின்னர் திருத்தினார்கள். அனிமல் குரொஸிங்கில் ஏப்ரல் மாதம் முட்டை தேடும் விழா வந்தபோது மீன் பிடித்தாலும் முட்டை, கல்லைத் தட்டினாலும் முட்டை என்று எல்லோரும் அலுத்து, கடைசியில் கொம்பனியே முட்டைகளைக் குறைத்தது. மார்ச் மாதத்துத் தீர்ப்பில் இவை எதுவும் சரியாகப் பதிந்திருக்க முடியாது. பொறுத்திருப்பவருக்குத் திருத்திய கேம் கிடைக்கிறது, விலையும் இறங்கியிருக்கிறது. காசில்லாததால் பழகிய பொறுமைதான். ஆனாலும் அது விமர்சகருக்குக் கிடைக்காத ஒரு வசதி.

இப்போது என் தெரிவு. நானாவின் தாளில் நாலாவதாக இருந்த ஓரி.

அந்த வருட நோன்புப் பெருநாளும் ஊரடங்கிலேயே கழிந்தது. மாமா அனுப்பிய பெருநாள் காசை நானாவும் நானும் சேர்த்து வாங்கிய கேம் அது. டூமுக்குக் காசு போதாது. ஓரியின் விலை 30 டொலர், மற்றவற்றின் பாதி. எங்கள் வீட்டுக்குள் அது வந்த காரணம் இவ்வளவுதான். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் என்று உம்மா நேரம் போட்டுக் கொடுத்தார். கைமாற்றிக் கைமாற்றி விளையாடினோம்.

ஓரி என்பது வெள்ளை ஒளியாலான ஒரு சின்னஞ்சிறு உயிர். அதன் குடும்பத்தில் கூ என்றொரு ஆந்தைக் குஞ்சு. கூவுக்கு ஒரு சிறகு குறைபாடுள்ளது; பறக்க முடியாது. இறந்துபோன தாயின் ஓர் இறகை அந்தச் சிறகில் கட்டிவிடுகிறார்கள். கூ பறக்கிறது, ஓரியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு. புயல் வந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. அதன் பிறகு முழுக் கேமும் தேடல்தான். பாய்வது, தொங்குவது, மணலுக்குள் துளைத்துப் போவது என்று ஒவ்வொரு வித்தையாக ஓரி கற்றுக்கொள்ளும். சண்டையும் உண்டு, நீரும் மணலும் விரட்டும்போது ஓடித் தப்ப வேண்டிய இடங்களில் நான் இருபது தடவை விழுந்திருப்பேன். கதை சொல்லும் குரல் எந்த நாட்டுக்கும் உரியதல்லாத, கற்பனையாக உண்டாக்கிய ஒரு பாஷையில் பேசும்; கீழே எழுத்து ஓடும். நான் அந்த எழுத்தைத் தமிழாக்கி உரக்கச் சொல்வேன். மூத்தம்மா தஸ்பீஹை உருட்டிக்கொண்டே கேட்டிருப்பார்.

இந்தக் கதையில் ஷ்ரீக் என்றொரு கொடிய பறவை வருகிறது. இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிவிடலாம்.

ஷ்ரீக் பிறந்ததே எலும்புகள் நிறைந்த ஒரு காட்டில். முட்டையை உடைத்து வெளியே வரும்போது தாயும் தகப்பனும் உயிரோடில்லை. மற்றப் பிராணிகள் அதன் உருவத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டன. அது வளர்ந்து எல்லோருக்கும் எமனானது. கடைசிச் சண்டையில் நாங்கள் அதைத் தோற்கடித்தோம். வழக்கமாக இந்த இடத்தில் வெற்றி இசை ஒலிக்கும், புள்ளிகள் விழும். இங்கே அப்படி இல்லை. காயப்பட்ட ஷ்ரீக் தட்டுத்தடுமாறித் தன் பெற்றோரின் எச்சங்கள் கிடக்கும் இடத்துக்குப் போகிறது. உறைந்து கிடக்கும் அந்தச் சிறகுக்குக் கீழே நுழைந்து, சுருண்டு படுத்து, இறந்துபோகிறது. கூவுக்குத் தாயின் இறகு கிடைத்தது. ஷ்ரீக்குக்குத் தாயின் சிறகு கடைசி நிமிடத்தில்தான் கிடைத்தது. இரண்டு அநாதைக் குஞ்சுகள். ஒன்றைத் தூக்கி வளர்க்க ஆள் இருந்தது, மற்றதற்கு இல்லை. பாடப்புத்தகத்தில் இப்படியொரு கதை இருந்தால் ஆசிரியை கரும்பலகையில் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருப்பார்.

முந்தின நாள் வாப்பா வழக்கம்போலக் கேட்டார்: “இது எப்ப முடியிற, மகன்?” நானா முதற் தடவையாகச் சரியான பதில் சொன்னார்: “நாளைக்கு, வாப்பா.” நாளைக்கு என்றதும் வாப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை போலும். மறுநாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஷ்ரீக் படுத்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், “அந்தப் பெரிய குருவிக்கு ஒருத்தரும் இருக்கல்லியா?” என்று கேட்டார். நானா ஆரம்பத்திலிருந்து முழுக் கதையையும் சொன்னார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை சொன்னார். நாவலைப் பற்றிக் கதைப்பதுபோல ஒரு கேமைப் பற்றி அவர்கள் இருவரும் கதைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

வாப்பாவின் கேள்வியை நாங்கள் எத்தனையோ வருடம் ஏச்சாகவே கேட்டுப் பழகிவிட்டோம். இப்போது யோசித்தால் அது ஒரு விமர்சகரின் கேள்வி. நான் பார்த்த மாதப் பட்டியல்களில் படத்தின் அழகு, கையாட்சி, எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பதற்கெல்லாம் இடம் இருந்தது. அதிக மணித்தியாலம் என்றால் காசுக்குப் பெறுமதி என்று புகழ்வார்கள். ஓரியின் கதையை முடிக்கப் பன்னிரண்டு மணித்தியாலமளவு போதும். அதைக் குறை என்று எழுதியவர்களும் இருப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் நிறைவாக முடியும் கதைக்கு நான் மேலதிகப் புள்ளி போடுவேன்.

நானா இதை ஒத்துக்கொள்வதில்லை. டூமும் முடியும் கேம்தானே என்பார். சரிதான். அதனால்தான் முடிகிறதா என்பதோடு, முடிந்த பிறகு என்ன கதைத்தோம் என்றும் நான் கேட்கிறேன். பிறகு ஒரு காலத்தில் அவர் டூமை விளையாடி முடித்தார். எந்த அரக்கனை எந்தத் துப்பாக்கியால் அடித்தார் என்று எனக்கு விளக்கினார். அவருக்கு அது மகிழ்ச்சி. அதை நான் மறுக்கவில்லை. என்னால் திரும்ப ஒன்றும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் பெற்றோர் பயப்பட வேண்டியவை இந்தப் பட்டியல்களில் வருவதே இல்லை. காசு கேட்காமல் ஃபோனில் இறங்கும் கேம்கள் அவை. இன்று வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு பருவம் முடிந்தால் மறு பருவம். முடியக்கூடாது என்பதற்காகவே ஆட்களை வைத்து உழைக்கிறார்கள். அவை ஒரு மாதத்தில் பிறந்து மறைபவை அல்ல என்பதால் எந்த மாதத்தின் தெரிவிலும் அவற்றுக்கு இடமில்லை. யாரும் அவற்றை நிறுத்துப் பார்ப்பதுமில்லை. எங்கள் வகுப்பிலேயே அப்படியொன்றில் தொடர்நாள் கணக்கு அறுந்துவிடும் என்று பரீட்சைக்கு முதல் நாள் இரவு விழித்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அதில் ஒருத்தி நான்.

நானா இப்போது வேலைக்குப் போகிறார். ஆனாலும் மாதம் முடிந்தால் வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். இந்த மாதமும் வந்தது, ஐந்து பெயர்களோடு. நான் வாப்பாவின் கேள்வியை மட்டும் திருப்பி அனுப்பினேன். மூன்றுக்குப் பதில் வந்தது. இரண்டுக்கு இன்னும் வரவில்லை.

2020 மார்ச் கலண்டர் தாள் என் அலுமாரியில் இருக்கிறது. டூம், அலிக்ஸ், அனிமல் குரொஸிங், ஓரி என்ற வரிசையில் நானாவின் எழுத்து. ஓரிக்கு நேரே நீலப் பேனையால் வாப்பா பின்னொரு நாள் எழுதிய ஒரு சொல்: “குருவி.”